தேதிப் பேரேடும் ஆடி 18-உம்

பழைய கணக்குப் பேரேடு ஒன்றில் தேதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வெவ்வேறு வருஷங்களில் அதே தேதியில் நடந்தவற்றை எழுதி வருகிறேன். எனக்கு நானே போட்ட விதி ஒன்று உண்டு: பக்கத்துக்கு ஒரு செய்தியாவது கொங்கு நாட்டைத் தொட வேண்டும். அதனால் மே மாதம் பெரும்பாலும் வெள்ளையாகவே கிடக்கிறது.

சுலபமாக நிரம்பியது அக்டோபர் 4. திருப்பூர் குமரன் 1904-ல் சென்னிமலையில் பிறந்த நாள். அதற்கு இருபது வருஷம் முன்பு, 1884-ல், வத்தலக்குண்டில் சுப்பிரமணிய சிவா பிறந்ததும் அன்றுதான். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும் அதே தேதி. மார்ச் 23-ம் சளைத்ததில்லை. 1893-ல் கலங்கலில் ஜி.டி.நாயுடு பிறந்தார், 1931-ல் லாகூரில் பகத்சிங்கைத் தூக்கிலிட்டார்கள். இந்தப் பொருத்தங்களில் நான் அர்த்தம் தேடுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதிலேயே ஒரு சுவை இருக்கிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 24-ல் பெரியார் (1973), எம்.ஜி.ஆர் (1987) இருவரும் மறைந்தார்கள். கொச்சியில் வாஸ்கோ டகாமா இறந்ததும் 1524-ல் அதே தேதி. ஆனால் அது பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய கணக்கில் 1525 ஜனவரி 3 வரும். அதனால் அவரை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 31-க்கு வந்தபோதுதான் விஷயம் பெரிதானது. 1805-ல் அன்றுதான் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். சரியாக 135 வருஷம் கழித்து, 1940-ல், லண்டன் பென்டன்வில் சிறையில் விடுதலைப் போராளி உத்தம் சிங். இதைவிட நல்ல பக்கம் அமையாது என்று எழுதி முடித்து அப்பிச்சியிடம் (அம்மாவின் அப்பா) காட்டினேன். "சின்னமலைக்கு ஆடிப் பதினெட்டுதான் கண்ணு" என்றார்.

தினசரி காலண்டரில் ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் அல்லவா வருகிறது? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் ஆண்டு நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளப்பது. ஆங்கில ஆண்டு பருவத்தை ஒட்டிப் போவது. நம்முடையது ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். எழுபது வருஷத்துக்குச் சற்று மேல் போனால் அது ஒரு நாளாகிவிடும். இருநூறு வருஷத்தில் மூன்று நாள் தள்ளிப்போகும். அதாவது 1805-ல் ஆடி 18 ஜூலை 31-லேயே வந்திருக்கிறது. இரண்டு தேதியும் சரிதான். சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் ஆடிப் பெருக்கன்று மாலை போடுகிறவர்கள் நம் கணக்கில் அதே நாளைத்தான் பிடிக்கிறார்கள். உத்தம் சிங்தான் அவரை விட்டுப் பிரிந்துபோகிறார்!

இப்போது சின்னமலைக்கு ஜூலை 31-லும் ஆகஸ்ட் 3-லும் இடம் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சிவப்பு மையில் தமிழ்த் தேதியும் ஏறுகிறது. வேலை இரட்டிப்பாகிவிட்டது. அடுத்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில் ராமானுஜன் பிறந்த நாள். மார்கழி எத்தனை என்று கணக்குப் போட வேண்டும்.