ரதிக்கு அஞ்சு நாள் லீவு

வீடு வந்து மூன்று நாளாகியும் காதுக்குள் தப்பு மேளச் சத்தம் அடங்கவில்லை. வலது முழங்காலும் இன்னும் வலிக்கிறது. அது கூத்தின் குற்றமல்ல, பஸ்ஸின் குற்றம். மலையகத் தோட்டத்துக் காமன் கூத்துப் பார்க்க எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என்று நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். முயன்று பார்க்கிறேன்.

போனது மூன்று பேர். நான், என் தோழி, அவளுடைய பெரியப்பா. பெரியப்பாவுக்கு எழுபது வயது. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த மயான காண்டம் இசை நாடகத்தைக் கோயில் வீதியில் பாய் விரித்துப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்து மனிதர். இசை நாடகம், கூத்து என்று யாராவது வாயெடுத்தால் போதும், பையைத் தூக்கிவிடுவார். ஹட்டனுக்கு அப்பால், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடத்துக்குப் பிறகு காமன் கூத்துப் போடுகிறார்கள் என்று தோழியின் ஒபிசில் ஒருவர் சொல்ல, அன்றிரவே முடிவாகிவிட்டது. மாசிப் பௌர்ணமி இரவு, விடிய விடிய.

எங்கள் முதல் முட்டாள்தனம் அந்தப் பௌர்ணமியில் இருந்தது. பௌர்ணமி என்றால் போயா, போயா என்றால் விடுமுறை. போதாததற்கு டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். மலையேறுகிற சனம் முழுவதும் ஹட்டனில் இறங்கித்தான் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும். ரயிலில் இடம் தேடியபோது ஒரு சீட்டுக்கூட மிச்சமில்லை. சரி, பஸ்.

கொழும்பு புறக்கோட்டையில் ஏறிய பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது பின் சில்லுக்கு நேர் மேலே உள்ள சீட். கால் வைக்கிற இடத்தில் தகரம் மேடு கட்டியிருக்கும், அதே சீட்தான். முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்து அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை என்று போனேன். நடத்துநர் ஆளுக்கு 200 ரூபாய் கூடக் கேட்டார். ஏன் என்றதற்கு ஒரே சொல்: "சீசன்." டிக்கெட் கேட்டால் மெஷின் வேலை செய்யவில்லையாம். மூன்று பேருக்கு 600 போனது. கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் சாரதி ஒரு கையால் போன் பேசிக்கொண்டே ஸ்டியரிங்கைச் சுழற்ற, பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். தேவாரம் என்று நினைத்தேன். இறங்கியபின் கேட்டால், அரிச்சந்திரன் சுடலையில் பாடும் பாட்டாம்.

ஹட்டனில் இறங்கியதும் அடுத்த கொள்ளை. பதினொரு கிலோமீட்டருக்கு ஓட்டோக்காரர் 4,500 கேட்டார். பேசிப் பேசி 3,000க்கு வந்தார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆகியிருந்தது. அந்தக் கணக்குப்படி இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து எடுத்தால்தான் ஒருவர் அந்த ஓட்டோவில் ஒருமுறை ஏறலாம். அதிலும், தோட்டத்து றோட்டு சரியில்லை, வண்டி அடிபடும் என்று சொல்லி ஒன்றரைக் கிலோமீட்டர் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். றோட்டு உண்மையில் மோசம்தான். ஆனால் நாங்கள் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பையன்களின் ஓட்டோக்கள் இரண்டு எங்களைக் கடந்து மேலே போயின. ஒன்றில் ஆறு பேர், ஒரு மேளம், ஒரு கரும்புக்கட்டு. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே புத்திமதி: உங்களைக் கூப்பிட்டவரிடம் தோட்டத்து ஓட்டோவின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது நாங்கள் கொடுத்தது 1,200.

தங்குமிடம்: தேவையில்லை. ஹட்டனில் ஓர் அறைக்கு 9,000 சொன்னார்கள். விடிய விடியக் கூத்துப் பார்க்கப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கு?

காமன் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சிவன் தவத்தில் உட்கார்ந்துவிட்டார். சூரனை அழிக்க அவருக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். தேவர்கள் மன்மதனை ஏவிவிடுகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை, பூ அம்பை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பல். பிறகு ரதியின் புலம்பல், கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மன்மதன் உயிர் பெறுகிறான். மலையகத்தில் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடுவார்கள் என்றாலும், தோட்டத்துக்கே சொந்தமானது என்றால் இதுதான். மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிவிடுவார்கள். நாங்கள் பார்த்த கம்பத்தில் ஆமணக்கங்கொம்பும் கரும்பும் வைக்கோல் பிரியில் இறுக்கிக் கட்டியிருந்தது, உச்சியில் ஒரு வறட்டி. அன்றிலிருந்து வேஷக்காரர்களுக்கு விரதம்.

மாலை ஆறு மணிக்கு ரதியும் மதனும் லயம் லயமாகப் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம். ஒவ்வொரு வாசலிலும் செம்புத் தண்ணீர், மஞ்சள், தட்டில் பத்து இருபது ரூபாய். எமன் வேஷத்தைக் கண்ட சின்னப் பிள்ளையொன்று தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்தப் பிள்ளையின் அப்பாதான் எமன் என்று பிறகு தெரிந்தது.

ரதிக்கு இருபத்து நாலு வயதிருக்கும். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிற பையன். சிவப்புச் சேலை, கறுப்புத் துணியைப் பின்னிச் செய்த சடை, ரவிக்கைக்கு உள்ளே சாம்பல் நிற சுவெட்டர். கையைத் தூக்கி முத்திரை பிடிக்கும்போதெல்லாம் வளையலுக்கு மேலே அந்த சுவெட்டர் எட்டிப் பார்த்தது. காலில் சலங்கை நழுவாமல் சைக்கிள் டியூப்பை வெட்டி வளையம் போட்டிருந்தான். "கொழும்புலேயே வெரதம் இருந்தேன்ணே. மெஸ்ல கோழி போட்ட அன்னிக்கி வெறும் பருப்புதான். அஞ்சு நாள் லீவு கேட்டா மொதலாளி எதுக்குன்னாரு. ரதி வேஷம்னு சொல்ல முடியுமா? அக்கா கல்யாணம்னு சொல்லிட்டேன்" என்றான்.

ஏன் பதினொரு வருடம் நின்றுபோனது என்று கூத்துப் பழக்கும் மாஸ்டரிடம் கேட்டேன். ஆட வேண்டிய பையன்கள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். இந்த முறை கேட்டு வந்ததும் அதே பையன்கள்தான். தன் அப்பா எழுதிவைத்த கொப்பியை மாஸ்டர் காட்டினார். பாதிப் பக்கங்களில் கறையான் வழி போட்டிருந்தது. ஒத்திகை பெரும்பாலும் வட்ஸ்அப்பில்: மாஸ்டர் பாடி அனுப்புவார், பையன்கள் கடை பூட்டிய பிறகு கேட்டுப் பாடி அனுப்புவார்கள்.

கூத்து பத்து மணிக்குத் தொடங்கும் என்றார்கள். பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. தொடங்கி அரை மணித்தியாலத்தில் நின்றது. பனி. காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து ஏறி வந்த மூட்டம் பொட்டலை மூடியதும் தப்பின் தோல் தொய்ந்துவிட்டது. கணீரென்று விழுந்த அடி ஈரச் சாக்கில் விழுந்ததுபோல் ஆனது. உடனே நாலு தப்புக்காரர்களும் ஓரமாகப் போய் வைக்கோலைக் கொளுத்தி, தப்பைத் தீயின் முன்னால் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். அடிக்கடி விரலால் சுண்டிக் காது கொடுத்தார்கள். ஒருவர் தலையாட்டுவார், இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்" என்பார். சிவன் உள்பட எல்லா வேஷமும் அந்தத் தீயைச் சுற்றிக் குந்திக் கை காய்ச்சியது. சிவனின் கையில் பிளாஸ்டிக் கோப்பை.

இரவு முழுவதும் இப்படி ஏழெட்டுத் தடவை நின்றது. தோழிக்குப் பொறுமை போய்விட்டது. "இதை ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கினால் கொழும்பிலேயே போடலாமே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் செய்தது அதைத்தானே?" என்றாள். நியாயமான கேள்விதான். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று மட்டக்களப்புக் கூத்தை நகரத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கி அவர் கொண்டுவந்திராவிட்டால், கூத்தும் ஒரு நாடகம்தான் என்று படித்த சனம் ஒத்துக்கொண்டிருக்காது. பெரியப்பாவோ வேறு கட்சி. அவருக்கு நேரம் பிரச்சினையில்லை. "ஆர்மோனியம் இல்லாமல் என்ன பிள்ளை நாடகம்? சுருதி எங்கே நிக்குது?" என்று ஒவ்வொரு இடைவேளையிலும் கேட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியை நாலாவது தடவையாக வாங்கிக் குடித்தேன். அவித்த கடலையும் வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறு விஷயத்தில். வெளியிலிருந்து வந்த ஒரு வீடியோக் கூட்டம் பெரிய வெள்ளை லைட்டைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள்ளேயே நடந்தது. மதனின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் கெமரா. பின்னால் இருந்த பாட்டிமாருக்கு அவர்களுடைய முதுகுதான் கூத்து. மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு வீரபத்திரன் வேஷக்காரனின் காதில் ஏதோ சொன்னார். அடுத்த ஆட்டத்தில் வீரபத்திரன் வாளைச் சுழற்றிக்கொண்டு நேரே லைட்டை நோக்கிப் பாய்ந்தான். கதையில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறதா என்று தெரியாது, கைதட்டல் மட்டும் அபாரம். லைட் ஓரமாகப் போனது. நானும் போனை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு மன்மதன் அம்பு விட்டான். கம்பத்துக்குத் தீ வைத்தார்கள். வைக்கோல் பிரி ஒரே மூச்சில் பிடித்து உச்சி வரை ஏறியது. தப்பு நின்றது. ரதி மண்ணில் உட்கார்ந்து, சடையை அவிழ்த்துப் போட்டுப் புலம்பத் தொடங்கினாள்.

நன்றாகத்தான் தொடங்கினாள். நாலைந்து அடி போயிருக்கும், நின்றுவிட்டது. நடிப்பு என்று முதலில் நினைத்தோம். இல்லை, பையன் பாட்டை மறந்துவிட்டான். அதே அடியைத் திரும்பப் பாடினான், அதே இடத்தில் முட்டினான். மாஸ்டர் கொப்பியைப் புரட்டுகிறார். கறையான் தின்ற பக்கம் போலிருக்கிறது.

அப்போது சாக்கு விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாயி, தலையில் போட்ட துவாயைக்கூட எடுக்காமல், அடுத்த அடியைப் பாடினார். சத்தமாக அல்ல, பக்கத்து வீட்டு முற்றத்தில் யாரோ அழுகிற மாதிரி. ரதி அந்த அடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்ததை இன்னொரு அம்மா எடுத்துக் கொடுத்தார். பிறகு ஏழெட்டுப் பேர். ஒருத்தி பாதி ஒப்பாரியில் நிறுத்தி, "டேய், தாலிக்கு முன்னால மெட்டிடா!" என்று திருத்திவிட்டு அதே மூச்சில் அழுகைக்குள் போனாள். யாரும் சிரிக்கவில்லை. ரதி சரி என்று தலையாட்டி மெட்டியிலிருந்து மறுபடி எடுத்தாள்.

செத்த வீட்டில் காலம் முழுக்க ஒப்பாரி வைக்கிறவர்கள் பெண்கள். பொட்டலில் வேஷம் கட்டுவது ஆண்கள். கூத்து நின்ற பதினொரு வருடமும் அந்தப் பாட்டு இந்த சாக்குகளில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்படியானால் ரதியாக ஒரு பெண் ஏன் ஆடக் கூடாது என்று பக்கத்திலிருந்த அக்காவிடம் தோழி கேட்டாள். "ஆடலாம்தான். வேல முடிஞ்சி வந்து சோறு யாரு ஆக்கிறது?" என்றார் அக்கா, கம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சுருதி சேரவே இல்லை" என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இவள் முகாரியை விடவில்லை, பார்த்தியா" என்றார். பையனை எப்போதிருந்து "இவள்" என்று சொல்லத் தொடங்கினார் என்று நான் கவனிக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டவரின் வீட்டில் விறகடுப்பில் சுட்ட கோதுமை ரொட்டி. சுண்டுவிரல் தடிப்பு, மாவோடு பிசைந்த தேங்காய்ப்பூ அங்கங்கே கருகி வாசம் வீசியது. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல், அம்மியில் அரைத்தது. நான் நாலு சாப்பிட்டேன். பெரியப்பா ஐந்து, டொக்டருக்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. எத்தனையோ கடையில் காசு கொடுத்துத் தின்ற காலைச் சாப்பாடெல்லாம் இதற்குக் கிட்ட வராது.

மறுநாள் ஹட்டனில் கொழும்பு பஸ்ஸில் ஏறினால், பின் சில்லுக்கு மேலே அதே மேட்டு சீட்டில் ரதி உட்கார்ந்திருக்கிறான். ஜீன்ஸ், காதில் இயர்போன், புருவத்தில் இன்னும் அழியாத மை. லீவு முடிந்தது, அடுத்த நாள் காலை எட்டரைக்குக் கடை திறக்க வேண்டுமாம். நடத்துநர் வந்தார். வேறு பஸ், வேறு ஆள், அதே 200. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். ரதி இயர்போனைக் கழற்றி, சிங்களத்தில் நாலே வசனம் பேசினான். குரல் உயரவே இல்லை. எனக்குப் புரிந்தது "டிக்கெட்" என்ற ஒரு சொல்தான்.

மெஷின் வேலை செய்தது. மூன்று பேருக்கும் டிக்கெட் வந்தது, மிச்சக் காசோடு. ரதி மறுபடி இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.