மழை நனைக்காத போலோன்யா

ஃப்ளோரன்ஸுக்கும் வெனிஸுக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர் என்ற அளவில்தான் பலருக்கும் போலோன்யாவைத் தெரியும். 'அங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: தாழ்வாரம். சிரிக்காதீர்கள். நகரம் முழுக்கத் தெருவோரம் நடப்பதற்கென்று இருக்கும் இந்தக் கூரையிட்ட தாழ்வாரங்களை, அதாவது போர்ட்டிகோக்களைச் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும். 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

காலையில் தூறல். ரயில் நிலையத்தை விட்டு வியா இன்டிபென்டென்சா தெருவில் ஏறியதும் குடையை மடக்கிப் பைக்குள் போட்டேன். தலைக்கு மேலே வளைவு வளைவாகக் கூரை, காலுக்குக் கீழே வழவழப்பான தரை (ஈரச் செருப்போடு வேகமாக நடக்காதீர்கள்). பக்கத்திலேயே கடை, காப்பிக் கடை, வீட்டு வாசல். வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாக நடப்பதற்கு இதைவிடத் தோதான ஊர் வேண்டியதில்லை.

1088இல் தோன்றியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. படிக்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல், வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூண் கொடுத்து அறை கட்டினார்கள். நமக்குத் தெரிந்த கதை என்றால் அடுத்து நகராட்சி இடிக்க வரவேண்டும். போலோன்யா 1288இல் நேர்மாறாகச் சட்டம் போட்டது: புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் போர்ட்டிகோ கட்டாயம். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும். குதிரையில் வருகிறவர் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்றும் விதி உண்டு. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் உள்ள காசா இசோலானி என்ற பழைய வீட்டில் அந்தக் காலத்து ஓக் மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

சாய்ந்த கோபுரத்துக்குப் பீசா போகவேண்டும் என்றில்லை. இங்கே காரிசெந்தா 48 மீட்டர் உயரத்தில் நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. 2023 அக்டோபரில் நிலைமை மோசம் என்று சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். பக்கத்தில் 97 மீட்டர் அசினெல்லி கோபுரம். பட்டம் வாங்கும் முன் அதில் ஏறினால் படிப்பு முடியாது என்று மாணவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

வானம் வெளுத்ததும் சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390இல் தொடங்கிய கட்டடம். முகப்பின் கீழ்ப்பாதியில் சலவைக்கல், மேலே வெறும் செங்கல். உள்ளேதான் விஷயமே. 1655இல் வானியலாளர் காசினி தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்தார். கூரையில் உள்ள சிறு துளை வழியாக விழும் வெயில்வட்டம் உச்சிவேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடைக்கால நேரப்படி அது ஒரு மணிக்குப் பிறகு. வட்டத்தின் அளவு ஆண்டு முழுக்க மாறுவதை அளந்து, பூமி சூரியனைச் சுற்றும் வேகம் தூரத்துக்கு ஏற்ப மாறும் என்று வானியலாளர் கெப்ளர் சொன்னதற்கு ஆதரவாகச் சான்று காட்டினார் காசினி. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவுக்குத் திருச்சபை தண்டனை கொடுத்து 22 ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு தேவாலயத்தின் தரையிலேயே இந்தச் சோதனை! நான் நின்றபோது மேகம் ஒரு நிமிடம் விலகியது, வட்டமும் வந்தது. அதுவே போதும் என்றிருந்தது.

சாப்பாட்டுக்குக் குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைப் பகுதியின் சந்துகள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் தாலியாத்தெல்லே ரகு (இறைச்சிக் குழம்பு போட்ட பட்டைப் பாஸ்தா) கேட்பார்கள். சைவக்காரர்கள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த தோர்தெல்லோனி பாஸ்தாவை வெண்ணெயோடு கேட்டு வாங்கலாம். நடுச்சதுக்கத்தைப் பார்த்த மேசைகளில் உட்கார்ந்தால் காசு கொஞ்சம் கூடத்தான்.

அப்புறம் சான் லூக்கா. ஊருக்கு வெளியே குன்றின் மேல் மாதா கோவில். அதுவரைக்கும் கூரையிட்ட பாதை, 666 வளைவுகள், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். மெலோன்செல்லோ வளைவு வரை சமதளம், அதற்குப் பிறகு மூச்சு வாங்கும். 1433இல் விடாத மழையில் பயிர் அழுகியபோது மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்பது மரபு. இன்றும் ஆண்டுதோறும் மாதா இறங்கி வருகிறாள். மழையை நிறுத்தியவளே நனையாமல் வர 1674இல் கூரை போடத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் வேடிக்கைதான். இறங்கும்போது முழங்கால் முரண்டு பிடித்தது. மெலோன்செல்லோவிலேயே பேருந்து பிடித்துவிட்டேன்.