கோபாலபுரம் செக்போஸ்ட்ல ஒரு போலியோ ஞாயிறு

பொள்ளாச்சி பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருக்கேன். போலியோ ஞாயிறுன்னா எனக்கு கோபாலபுரம் செக்போஸ்ட் பூத்துதான். பாலக்காட்டுக்குப் போற பஸ், வர்ற ஜீப்பு, ஆட்டோ எல்லாத்தையும் நிறுத்தி அஞ்சு வயசுக்குள்ள கொழந்தை இருக்கான்னு எட்டிப் பாத்து, ரெண்டு சொட்டு விட்டு, இடது கை சுண்டுவிரல்ல மை வெச்சு அனுப்பணும்.

அங்க உதவிக்கு ஒரு சார் வருவார், பாலக்காட்டுப் பக்கம் காலேஜ்ல தத்துவம் எடுத்து ரிட்டயர் ஆனவர். வண்டி இல்லாத நேரத்துல அவர் பேச்சு ஒண்ணேதான், மனுசன் முன்னேறுறானா இல்லையா. பிரான்ஸ்ல கோந்தோர்சேன்னு ஒருத்தர், புரட்சிக்காரங்களே கைது பண்ணத் தேடினப்போ ஒளிஞ்சு உக்காந்துக்கிட்டு மனுசனோட முன்னேற்றத்துக்கு எல்லையே கிடையாதுன்னு எழுதினாராம், 1794ல ஜெயிலுக்குள்ளயே செத்துட்டாராம். சாருக்கு நம்பிக்கை ஜான் கிரேன்னு ஒரு இங்கிலாந்து தத்துவ எழுத்தாளர் மேலதான். அறிவியல் சேந்துக்கிட்டே போகும், ஆனா நல்லது கெட்டதுல கெடச்சது எதுவும் அப்படிச் சேராது, எப்ப வேணா கைவிட்டுப் போயிரும்னு அவர் சொல்றாராம்.

எனக்கு அது ஒத்துக்க முடியல. 2009ல நம்ம நாட்டுல 741 கொழந்தைங்களுக்கு போலியோ, கடைசி கேஸ் 2011 ஜனவரி 13, ஹவுரால. 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சொல்லிட்டாங்க. கால் சூம்பிப் போய் தவழ்ந்து வர்ற பிள்ளைங்களை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், இப்ப என் ஏரியால ஒண்ணு கூட இல்ல, இது முன்னேற்றம் இல்லாம வேற என்னங்க சார்னு கேட்டேன். "அறிவியல் சேரும்னுதானே சிஸ்டர் நானும் சொல்றேன்"ன்னார்.

அதுவும் தானா சேருதான்னு எனக்கு சந்தேகம். மருந்து பாட்டில் லேபிள்ல வட்டத்துக்குள்ள ஒரு சின்ன கட்டம் இருக்கும், சூடு பட்டா கருத்துக்கிட்டே வரும், வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா மருந்தைத் தூக்கிப் போடணும். கேரியர்ல ஐஸ்பேக் மாத்த மறந்தா எத்தனை வருச ஆராய்ச்சியும் வீண். தடுப்பூசி போடாம விட்ட எடத்துல 2016ல மலப்புரத்துல தொண்டை அடைப்பான் திரும்ப வந்து பிள்ளைங்க செத்துப் போச்சே, அறிவு எங்கயும் போயிடலையே.

மறுநாள் விட்டுப்போன வீடுகளைப் பாக்கப் போறப்போ சாரும் கூட வந்தார். எல்லைக்குப் பக்கத்துல ஒரு ஊர், பேரு வேண்டாம். எங்களோட வந்த வாலண்டியர் அக்கா அந்த ஊர் காலனிதான். அங்க டீக்கடைல முன்னாடி ரெட்டை டம்ளர். எனக்கு இத்தனை வருசமா உறுத்துறது இதுதான், ஒரே பாட்டில்ல இருந்து எல்லாத் தெரு கொழந்தைங்க வாயிலயும் சொட்டு விட்டிருக்கேன், ஒரு தாயும் வேண்டாம்னு சொன்னதில்ல, டீக்கு மட்டும் வேற டம்ளர். புகார் போனதுக்கப்புறம் கடைக்காரர் எல்லாருக்கும் பேப்பர் கப் ஆக்கிட்டார்.

"பாத்தீங்களா, ஒழியல, மறைச்சு வெச்சிருக்காங்க"ன்னார் சார். திருவிதாங்கூர்ல 1936லயும் இந்தப் பக்கம் மெட்ராஸ் மாகாணத்துல 1947லயும் கோயில் கதவு திறந்தாச்சு, டீக்கடைக்கு மட்டும் இன்னும் எத்தனை வருசம் வேணும்னு கேட்டார். நியாயமான கேள்விதான், என்கிட்ட பதில் இல்ல. அக்காதான் சொன்னாங்க, "என் பொண்ணுக்கு ரெட்டை டம்ளர்னா என்னன்னே தெரியாதுங்க சார், அது எனக்குப் பெருசுங்க."

சொல்லிட்டு அவங்க பழக்கத்துல வெளிய புளியமரத்தடில நின்னுதான் குடிச்சாங்க. பத்தாவது படிக்கிற பொண்ணு கூட வந்திருந்தா, நேரா உள்ள போய் பெஞ்சுல சார் பக்கத்துல உக்காந்துட்டா. அக்கா பதறி "ஏ, வெளிய வா கண்ணு"ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. பெஞ்சுல இருந்த ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டார், கடைக்காரர் ஒண்ணும் சொல்லல. அவ டீ ஆறட்டும்னு உக்காந்தே இருந்தா. சாரும் அன்னைக்கு அதுக்கு மேல எதுவும் பேசல, இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்துச்சு, கேரியரைத் தூக்கிக்கிட்டு கிளம்பினோம்.