டெபாசிட் நாலாயிரம்

2022 ஜனவரி 28, வெள்ளி
சென்னை மாநகராட்சித் தேர்தலுக்கு மனுத் தாக்கல் இன்று தொடங்கியது. படிவம் வாங்கி வந்தேன். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2016 அக்டோபரோடு பழைய கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. ஐந்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வார்டுக்குக் கவுன்சிலரே கிடையாது. போன நவம்பர் மழையில் எங்கள் பட்டாளம் பகுதி முழுக்கத் தண்ணீர் நின்றபோது, ஒரு மோட்டாருக்காக நாங்கள் நாலு பேர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். ஆசை அப்போது வந்ததுதான்.

பிப்ரவரி 4, வெள்ளி
கடைசி நாளில் போய் நின்றேன். டெபாசிட் 4,000. சொத்து விவரத்தில் பழைய ஸ்கூட்டி, அரைப் பவுன் கம்மல். அசையாச் சொத்து இல்லை. முன்மொழிந்தது இட்லிக்கடை அக்கா. வாக்காளர் பட்டியலில் அவருக்குப் பத்து வயது குறைத்துப் போட்டிருக்கிறார்கள். திருத்தலாமா என்றேன், இருக்கட்டும் என்றார்.

பிப்ரவரி 7, திங்கள்
சின்னம் தென்னை மரம். அவ்வளவுதான் இன்றைக்கு.

பிப்ரவரி 12, சனி
மழையில் ஒன்பது நாள் சோறு கொண்டுபோன அதே தெரு. அப்போது சமையலறை வரைக்கும் போவேன். பாத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியும். இன்று நோட்டீஸோடு போனால் எல்லாரும் வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறார்கள். ‘நீங்க’ என்கிறார்கள்! ஒரு பாட்டிதான் மனதில் இருந்ததைச் சொன்னார்: “நல்லாத்தானே இருந்தே கண்ணு? நீயும் கவுன்சிலராயிட்டா எங்க வேலைக்கு யாரு வருவா?” பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டீஸைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ராத்திரி முழுக்க யோசித்தும் பதில் வரவில்லை.

பிப்ரவரி 17, வியாழன்
மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிந்தது. தொண்டை போய்விட்டது. சென்னையில் ஒரு வேட்பாளர் 90,000 ரூபாய் வரை செலவு செய்யலாமாம். நான் இதுவரை செய்தது 11,340. அதில் பாதி டீ, வடை.

பிப்ரவரி 19, சனி
காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டேன். மதியம் சாவடி வாசலில் காக்காய்கூட இல்லை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. எங்கள் சாவடிக்கு ஒருவர்கூட வரவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்
எனக்கு 212 ஓட்டு. டெபாசிட் போச்சு. மாநகராட்சி முழுக்கவே வாக்குப்பதிவு 43 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியதுதான், ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்தத் தெருவின் சாவடியில் எனக்கு விழுந்தது 11.

பிப்ரவரி 25, வெள்ளி
முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். ரசீது கேட்டு டீக்கடைக்குப் போகிற வழியில் நிறுத்தி நிறுத்தி, “உனக்குத்தாம்மா போட்டேன்” என்றார்கள். அந்தத் தெருவில் மட்டும் இதுவரை முப்பது பேர் சொல்லியாயிற்று. மறுபடி ‘நீ’ ஆகிவிட்டேன். பாட்டி மட்டும், “நான் போடல கண்ணு” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னார்.