கிறவல் தூசி தின்ற சிலிண்டர்

அப்பாவின் ஹீரோ ஹொண்டா ஸ்பிளென்டர் சென்ற கச்சான் காற்றுக் காலத்தில் மறுபடியும் புகைக்கத் தொடங்கியது. மட்டக்களப்பின் ஆரையம்பதியிலிருந்து போய் மண்முனைப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிறவரின் முகம் தெரியாது, நீலப் புகைதான் தெரியும். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒயில் பார்க்கும் குச்சியின் நுனியில்கூட ஒயில் ஒட்டவில்லை.

மறுபடியும் என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பும் இதே புகை வந்தது. ஒரு கராஜில் விட்டோம். சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருந்து வாயுவும் ஒயிலும் கசியாமல் அடைக்கும் ரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள், புதிய ரிங் போட்டுத் தந்தார்கள். ரிங் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் ஏன் தேய்ந்தது என்று அவர்களும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு காலையில் கிக்கரை எட்டுத் தரம் உதைத்தால்தான் எஞ்சின் எழும்பும் என்றாகி, கடைசியில் புகையும் வந்து சேர்ந்தது.

இதை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நான் சம்மதிக்கவில்லை. அப்பா இதை வாங்கியது 2006 இல். அப்போது அவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை காலையில் இதைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடப்பார். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்றுதான் சொல்வோம். அக்கரையில் இறங்கினால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கிறவல் வீதிகள், செம்மண் சரளை போட்டவை. மாலையில் அவர் வீடு வந்து சேரும்போது சட்டைக் கொலர் செம்மண் நிறத்தில் இருக்கும். அந்தக் கொலரை நான் கல்லில் தேய்த்துத் தோய்த்திருக்கிறேன். அதே தூசியை எஞ்சினும் இழுத்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் கணித ஆசிரியை. எஞ்சின் வேலையை என் மாமாவிடம் கற்றேன். அம்மாவின் தம்பி. முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். இப்போது கை நடுங்குகிறது, காது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துவந்து முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்கார வைத்தேன். நான் ஸ்பானர் பெட்டியைத் திறந்ததும், "அதை மூடி வை மகள். முதலில் ஸ்டார்ட் செய்" என்றார்.

எஞ்சின் குளிராக இருந்தபோது உள்ளே மந்தமான ஒரு தட்டல் கேட்டது. நீளமான திருப்புளியின் நுனியை சிலிண்டர் பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் சூடேறியதும் தட்டல் தணிந்தது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறையும்போது அடங்குகிற சத்தம் அது. பிஸ்டனை, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் பெரிய பெயரிங் போயிருந்தால் சத்தம் சூடேறச் சூடேறக் கூடியிருக்கும். அப்படியில்லை என்பதில் பெரிய நிம்மதி, ஏனென்றால் கிராங்கைப் பிரிப்பதென்றால் முழு எஞ்சினையும் இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும்.

அடுத்தது புகை. நிறம் எல்லோருக்கும் தெரியும்: நீலம் என்றால் ஒயில் எரிகிறது. எப்போது புகைக்கிறது என்பதுதான் பயனுள்ள கேள்வி. அக்சிலரேற்றரை விட்டு இறக்கத்தில் வந்து, திரும்பத் திறக்கும் கணத்தில் மட்டும் ஒரு பொதி புகை வந்தால் வால்வின் தண்டில் ஒயிலைத் தடுக்கும் சீலையோ, அந்தத் தண்டு ஓடும் கைடையோ சந்தேகிக்கலாம். இது அப்படியில்லை. திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் ஒரே சீராகப் புகைத்தது. அது ரிங் பக்கத்தின் அடையாளம்.

மாமா ஒரு வெள்ளைத் துணி கேட்டார். எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றி அதன் வாயில் துணியைப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் ஓட ஓடத் துணி விம்மி விம்மித் தாழ்ந்தது, இருமுகிறவரின் வாயில் கைக்குட்டையைப் பிடித்ததுபோல. ஒரு நிமிடத்தில் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பழுப்பு வட்டம். மேலே இருக்க வேண்டிய வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒயிலையும் அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அளக்காமல் திறக்க எனக்கு மனமில்லை. பிளக்கைக் கழற்றினேன். முனையில் ஈரமான கரி. அந்தத் துவாரத்தில் அமுக்கமானியைப் பொருத்தி, அக்சிலரேற்றரை முழுவதும் திறந்து வைத்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை உதைத்தேன். அமுக்கம் 85 பிஎஸ்ஐ. இந்த வகை எஞ்சின் நல்ல நிலையில் 150 ஐத் தாண்ட வேண்டும். பிறகு துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி உதைத்தேன். 130. ஊற்றிய ஒயில் ரிங்கைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைத்ததால்தான் ஊசி ஏறியது. வால்வ் கசிந்திருந்தால் ஒயில் விட்டும் அது பெரிதாக அசைந்திருக்காது. ஒரு தேக்கரண்டி ஒயில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வகுப்பில் ஒரு நிறுவல் முடிந்த சந்தோசம் வருகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். நிலத்தில் பழைய படங்கு விரித்து, நட்டுகளுக்கு முட்டை அட்டை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழியிலும் எந்த இடத்து நட்டு என்று பென்சிலால் எழுதிவிட்டால், திரும்பப் பூட்டும்போது ஒன்று மிஞ்சிவிட்டதே என்று இரவில் தூக்கம் கெடாது.

வடித்த ஒயிலை விரலில் தொட்டு வெயிலில் பிடித்தபோது வெள்ளி மினுக்கம் தெரிந்தது. பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். வலப்பக்க மூடியைத் திறந்தால் கிராங்கோடு சேர்ந்து சுழலும் சிறு கிண்ணம் இருக்கிறது. சுழலும் வேகத்தில் ஒயிலில் உள்ள அழுக்கைச் சுவரில் ஒதுக்கி வைக்கும் வடிகட்டி அது. அதற்குள் கறுப்புக் களி கெட்டியாக அப்பியிருந்தது. தென்னை ஈர்க்கால் சுரண்டி எடுத்தேன், மூன்று மில்லிமீற்றர் கனம். ரிங் மாற்றியவர்கள் இந்த மூடியைத் திறக்கவே இல்லை என்பது அப்போது தெரிந்தது.

பிறகு இடப்பக்கம். மேக்னட் மூடியைக் கழற்றி, ஃபிளைவீலின் டி குறி நேருக்கு வரும்வரை திருப்பினேன். சிலிண்டரின் தலையில், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் சில்லின் ஓ குறியும் அங்குள்ள வெட்டுக்கு எதிரே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இன்னொரு சுற்றுத் திருப்ப வேண்டும். அந்த நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். சில்லைக் கழற்றியதும் செயினைக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளே விழுந்துவிடும். தலையின் நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தினேன். சிலிண்டர் அடியில் காஸ்கட் ஒட்டி அசைய மறுத்தது. திருப்புளியை இடுக்கி நெம்பினால் அலுமினியத்தில் வடு விழும், அதற்குப் பிறகு எந்தக் காஸ்கட்டும் அந்த இடத்தில் ஒயிலைத் தடுக்காது. மரக்கட்டையால் சுற்றித் தட்டித் தட்டி, கால் மணி நேரம் பொறுமையாக இருந்தேன். சிலிண்டர் கழன்று வந்தவுடன் திறந்த வாய்க்குள் துணியைத் திணித்தேன். பிஸ்டன் பின்னின் கிளிப் துள்ளி விழுந்து கிராங்குக்குள் போய்விட்டால் அந்த நாள் முடிந்தது.

கனெக்டிங் ரொட்டை உச்சியில் நிறுத்தி நீளவாக்கில் இழுத்தும் தள்ளியும் பார்த்தேன். ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் அசைந்தது, அது இருக்க வேண்டியதுதான். திருப்புளி வழியாகக் கேட்டது சரி.

சிலிண்டரை வெயில் பக்கம் திருப்பி உள்ளே பார்த்தேன். புதிய சிலிண்டரின் சுவரில் ஒயில் தங்குவதற்காகப் பாய் பின்னியதுபோல் குறுக்கு வரிகள் இருக்கும். இதில் ஒரு வரி இல்லை. கண்ணாடிபோல் பளபளப்பு, அதில் மேலிருந்து கீழாக நகக்கீறல்கள் போன்ற கோடுகள். உச்சியிலிருந்து சற்றுக் கீழே நகத்தை ஓட்டினால் ஒரு படி தடுக்கியது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் அது. அதற்கு மேலே சுவர் பழையபடி இருக்கிறது, கீழே தேய்ந்திருக்கிறது.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கும் இடையே, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் பீலர் கேஜை விட்டேன். புதியதில் கால் மில்லிமீற்றருக்குள் இருக்கும். அரை மில்லிமீற்றர் தாண்டினால் கழிக்க வேண்டும். இங்கே மூன்று தகடுகளைச் சேர்த்துத்தான் இடைவெளி நிறைந்தது: 0.95. கணக்கு எளியது. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர். பிறகு லேத் கடையில் அளந்தபோது தெரிந்ததுபோல் விட்டம் 0.14 கூடினால், சுற்றளவு அதை π ஆல் பெருக்கிய அளவு, அதாவது 0.44 கூடும். அந்த 0.44 முழுவதும் ரிங்கின் வாயில்தான் விரியும். தேய்ந்த சிலிண்டரில் புத்தம்புதிய ரிங்கைப் போட்டாலும் அது முதல் நாளே வாய் பிளந்துதான் நிற்கும். எங்களிடம் வாங்கிய பணத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இதுதான்.

ஆனால் தூசி எப்படி உள்ளே போனது? காற்று வடிகட்டியை அப்பா மாதம் தவறாமல் தட்டித் துடைப்பார், அது சுத்தமாகவே இருந்தது. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி விட்டுப் பார்த்தேன். சிவப்பாக வந்தது. மண்முனைத்துறையில் காலைக் கழுவும்போது ஓடுமே, அந்தச் சிவப்பு. வடிகட்டிப் பெட்டியையும் காபரேற்றரையும் இணைக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி வளைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைத்தவுடன் அடிப்பக்கத்து மடிப்பில், ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. கிளிப்பும் தளர்ந்திருந்தது. வடிகட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, அதற்கு அப்பால் இருந்த வெடிப்பு வழியாகக் கிறவல் தூசி வருடக்கணக்காக நேரே சிலிண்டருக்குப் போயிருக்கிறது. அந்தத் தூசியில் இருக்கும் மணல் இரும்பை அராவும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா குழாயை வாங்கி, வளைத்துப் பார்த்து, அப்பாவிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சிலிண்டரைக் காத்தான்குடியில் ஒரு லேத் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நானா உள்விட்டம் அளக்கும் போர் கேஜை மூன்று உயரத்தில், இரண்டு திசையில் விட்டுப் பார்த்தார். மேலே 50.14, கீழே 50.06. வட்டமும் இல்லை, நேரும் இல்லை. கால் அளவு, அதாவது 0.25 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டன் போதுமா என்று கேட்டேன். "கீறல் ஆழமாக இருக்கிறது தங்கச்சி. கால் அளவுக்கு வெட்டினால் கோடு மிச்சம் நிற்கும். அரைக்குப் போங்கள். பிஸ்டனை வாங்கிக்கொண்டு வாருங்கள், அதை அளந்துதான் நான் வெட்டுவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே வேலை தெரிந்தவரிடம் வந்திருக்கிறேன் என்று புரிந்தது. பிஸ்டனைக் கண்ணால் காணாமல் வெட்டித் தருகிறவரிடம் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். பெட்டியில் எழுதிய அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனும் நூற்றில் ஓரிரு மில்லிமீற்றர் வித்தியாசப்படும், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியோ நூற்றில் மூன்று மில்லிமீற்றர்தான்.

வெட்டி, குறுக்கு வரி போட்டு வாங்கிவந்த சிலிண்டரைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மண்ணெண்ணெயில் அலசினால் ஒயில்தான் போகும், அரைத்த கல்லின் துகள் வரிகளுக்குள்ளேயே இருக்கும். வெள்ளைத் துணி நரைக்காமல் வரும்வரை ஐந்து தரம். உலர்ந்த உடனே ஒயில் பூச வேண்டும், எங்கள் கடற்கரைக் காற்றில் பச்சை இரும்பு ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் துருப்பிடித்துவிடும்.

தலையின் துவாரங்களில் பெற்றோல் ஊற்றி வைத்துப் பார்த்ததில் வால்வ் ஓரம் கசியவில்லை. சீல்களை மட்டும் மாற்றினேன். பூட்டுவது அரை நாள் வேலை. பிஸ்டனின் ஐஎன் எழுத்து காபரேற்றர் பக்கம், ரிங் வாய்கள் மூன்று திசையில், டி குறியும் ஓ குறியும் நேருக்கு நேர், கிண்ணம் கழுவிச் சுத்தம். ரப்பர் குழாயும் கிளிப்பும் புதியவை. இந்த முழு வேலையிலும் ஆகக் குறைந்த விலைக்கு வாங்கியவை அவை இரண்டும்தான்.

மூன்றாவது உதைக்கு எஞ்சின் எழும்பியது. முதல் ஐந்நூறு கிலோமீற்றரும் ஒரே வேகத்தில் ஓட்டாமல், ஏற்றி இறக்கி, பாரம் வைக்காமல் ஓட்டினேன். முந்நூறில் ஒயிலை மாற்றினேன். மினுக்கம் கொஞ்சம் இருந்தது, புதிய ரிங் பதியும்போது அவ்வளவு வரும்.

நேற்று அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். தான்தோன்றீஸ்வரர் கோயில் முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், மூச்சுக்குழாயின் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தேன். வெதுவெதுப்பாக ஒரு மெல்லிய காற்று. துணியில் கறை இல்லை. அப்பா மறுபக்கம் குனிந்து, காற்றுக் குழாயின் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.