வெயில் தக்காளியும் கல்லில் தட்டிய ஒலிவும்: பலெர்மோவில் செய்து பார்த்தவை

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் இரண்டு முறையாவது பல்லாரோ சந்தைக்குப் போகிறேன். தொட்டி தொட்டியாக ஒலிவ் காய்களும், செக்கச்சிவந்து சுருண்ட உலர்தக்காளியும் குவிந்திருக்கும். அவற்றைக் கடந்துபோய்க் கத்தரிக்காயும் மீனும் வாங்கி, வீட்டுக்கு வந்து கறி வைப்பதே என் வழக்கம். இந்த ஓகஸ்டில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏறியபோது அந்த வழக்கம் மாறியது.

கீழ்வீட்டு அம்மையார் அகலமான பலகை ஒன்றில் தக்காளிக் கூழைப் பரப்பி, மரக்கரண்டியால் இழுத்துவிட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். இதற்கு இங்கே 'ஸ்த்ராத்து' என்று பெயர். அருகில் வலைத்துணியின் கீழ் இரண்டாகப் பிளந்த தக்காளிகள் வரிசையாகக் கிடந்தன. அம்மம்மா முற்றத்தில் பாய் விரித்து மோர்மிளகாயும் புழுக்கொடியலும் பரப்பிவிட்டு, காகம் விரட்ட என்னைக் காவலுக்கு இருத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. இது வற்றல் போடுகிற வேலை, எனக்குத் தெரிந்த வேலை என்று தோன்றியது. மறுநாளே தொடங்கிவிட்டேன்.

ஓகஸ்ட்

முதல் தடவை 3 கிலோ. சாறு நிறைந்த உருண்டைத் தக்காளியை வாங்கியது முதல் பிழை. உப்பைப் பயந்து பயந்து தூவியது இரண்டாவது. இரவிலும் வெளியே விட்டது மூன்றாவது. இது கடலோர ஊர். பொழுது சாய்ந்ததும் ஈரம் இறங்கிவிடும். மூன்றாம் நாள் காலையில் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை, அத்தனையையும் கொட்டினேன். மனம் நொந்துபோனது.

கீழ்வீட்டு அம்மையார் தட்டைப் பார்த்துவிட்டு, "மகளே, இந்த உப்பு ருசிக்குப் போடுவதல்ல, தண்ணீரை இழுக்கப் போடுவது" என்றார். தேசிக்காயை நாலாகப் பிளந்து உப்பை அடைத்து வெயிலில் வைக்கும்போது என் அம்மா சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஊறுகாயில் தெரிந்திருந்ததைத் தக்காளியில் மறந்துவிட்டேன்.

இரண்டாம் தடவை 8 கிலோ, சதை தடித்த நீளத் தக்காளி. நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்க அடுக்கி, திராப்பனிக் கல்லுப்பை ஒவ்வொன்றின் மேலும் தாராளமாகத் தூவினேன். திராப்பனி சிசிலியின் மேற்குக் கரையில் இருக்கிறது. நமது ஆனையிறவைப் போலவே கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் உப்பு விளைவிக்கிறார்கள். மாலை ஆறரைக்குத் தட்டுகளை உள்ளே எடுத்தேன். காலை எட்டுக்கு மறுபடி வெளியே வைத்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொன்றையும் புரட்டிவிட்டேன். ஆறாம் நாள் கையில் எடுத்தால் மெல்லிய தோல்போல வளைந்தது. ஒடியவில்லை, ஒட்டவுமில்லை. நிறுத்துப் பார்த்தபோது 760 கிராம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதைத் தராசில் கண்ணால் கண்டேன். சந்தையில் உலர்தக்காளி ஏன் அந்த விலை விற்கிறது என்ற கேள்வி எனக்கு இனி எழாது.

எண்ணெயில் போட்டு வைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிருக்குப் பிடித்த இடம் அதுதான். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, ஆனால் நல்ல புளிப்பில் முளைக்காது. அதனால்தான் இந்த ஊர்ப் பெண்கள் எண்ணெயில் இடுவதற்குமுன் வினாகிரியில் ஒரு கொதி காட்டுகிறார்கள். பாதி வினாகிரி, பாதி தண்ணீர் கொதிக்கும்போது தக்காளியைப் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்து, துணியில் ஒரு இரவு முழுவதும் உலர்த்தினேன். பிறகுதான் போத்தலில் அடுக்கி எண்ணெய் ஊற்றினேன். பச்சை உள்ளிப் பல்லை உள்ளே போடவில்லை. மணத்துக்கு உலர்ந்த ஒரேகனோ போதும். அப்படியும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். பாதித் தக்காளியை எண்ணெயில் இடாமல் உலர்ந்தபடியே காகிதப் பையில் கட்டி வைத்தேன். உண்மையில் சமையலுக்கு அதுவே அதிகம் கைகொடுக்கிறது.

செப்டெம்பர்

செப்டெம்பர் 3ஆம் திகதி இரவு, புனித ரோசாலியாவின் குகைக் கோயிலுக்கு பெல்லெக்ரினோ மலையேறும் வழக்கம் இங்கே உண்டு. இங்கிருக்கிற நம் இலங்கைத் தமிழர், கத்தோலிக்கர் என்றில்லை, சைவர்களும் நிறைய ஏறுவார்கள். கையோடு கொண்டுபோக 'பானே குன்சாத்து' செய்தேன். சூடான பாணைக் குறுக்கே பிளந்து, ஒலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, உலர்தக்காளி, உப்பில் பதப்படுத்திய நெத்தலி, இளம் பாலாடைக்கட்டி, ஒரேகனோ வைத்து அழுத்தி மூடுவது. பாண் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். மலையுச்சியில் பிரித்தபோது வீட்டில் இருந்ததைவிட ருசியாக இருந்தது. பிழையே வராத சாப்பாடு இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

பாஸ்தா அப்படி அமையவில்லை. முதல் முறை செய்ததை இரண்டு வாய்க்குமேல் விழுங்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. பழக்கப்படி லீட்டருக்கு 10 கிராம் உப்பிட்டு பாஸ்தாவை வேகவைத்தேன். உலர்தக்காளியை ஊறவைக்காமல் வெட்டிப் போட்டேன். பான்தெல்லேரியாத் தீவிலிருந்து வருகிற கேப்பர் என்ற செடியின் பூமொட்டுகள் உப்பிலேயே புதைந்திருக்கும். அவற்றையும் ஒரு தடவை மட்டும் அலசிப் போட்டேன். அதன்மேல் ஒலிவ். எல்லாம் போதாதென்று கறிக்குப் போடுகிற கை, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பும் தூவிவிட்டது.

அன்றிரவு சட்டியைக் கழுவும்போதுதான் எனக்கு விடயம் பிடிபட்டது. ஒலிவையும் உலர்தக்காளியையும் நான் காய்கறிக் கணக்கில் வைத்திருந்தேன். அவை ஊறுகாய்க் கணக்கு. சட்டியில் அவற்றுக்குரிய இடம் உப்பும் புளியும் இருக்கிற இடம். மாசிக்கருவாடு இடித்துப் போட்ட சம்பலுக்கு நாம் உப்பைக் குறைத்துத்தானே போடுவோம்? இங்கும் அதே கணக்குதான். அதற்குப் பிறகு உப்புச் சாடியை அடுப்படியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். கை தானாகப் போவதைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை.

இப்போது செய்கிற முறை இது. 200 கிராம் பாஸ்தாவுக்கு ஏழெட்டு உலர்தக்காளித் துண்டுகளை வெதுநீரில் இருபது நிமிடம் ஊறவைக்கிறேன். கேப்பருக்குத் தண்ணீரை மூன்று தடவை மாற்றுகிறேன். பாஸ்தா வேகும் நீருக்கு உப்பு வழமையில் பாதி. தாச்சியில் எண்ணெய் மெல்லச் சூடானதும் நசுக்கிய உள்ளி, கிள்ளிய செத்தல் மிளகாய், பிறகு தக்காளி. ஒலிவைக் கடைசி மூன்று நிமிடத்தில்தான் சேர்க்கிறேன். நெடுநேரம் கிடந்தால் கைப்பு ஏறுகிறது. உப்பு குறைவாகப் பட்டால் தக்காளி ஊறிய நீரில் இரண்டு கரண்டி விடுகிறேன். அதில் உப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மேலே பாலாடைக்கட்டிக்குப் பதிலாக, எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த பாண் தூள். பாண் தூளுக்கு இத்தாலிய மொழியில் 'மொல்லிக்கா' என்று பெயர். அந்தச் சொல்லில் வருகிற இரட்டை லகரத்தைச் சிசிலிக்காரர்கள் நாவை மேலே மடித்து நம் டகரத்துக்கு மிக அருகில் ஒலிக்கிறார்கள். சந்தையில் முதன்முதல் கேட்டபோது யாரோ நம்மவர் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஒரு தடவை கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒலிவ் இருந்த இடமே தெரியவில்லை. இந்தச் சமையலைக் கற்க வந்திருக்கிறேன், ஆகவே கற்று முடியும்வரை கடுகைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஒக்டோபர்

ஒலிவ் மரத்தைக் காணும் முன்பே அந்தச் சொல் எனக்குத் தெரியும். நோவாவின் பேழைக்குப் புறா கொண்டுவந்த இலை அது. எங்கள் ஊரில் குருத்தோலை ஞாயிற்றுக்குத் தென்னங்குருத்து பிடிப்போம். இங்கே ஒலிவக் கிளை தருகிறார்கள். ஆனால் மரத்திலிருந்து பறித்த காயை முதன்முதலாக வாயில் வைத்தது இந்த ஒக்டோபரில்தான். பாவற்காயை நான் விரும்பிச் சாப்பிடுகிறவள். இது அந்தக் கைப்பு அல்ல, நாக்கை உரித்தெடுக்கிற கைப்பு. ஒலியூரோப்பீன் என்ற பொருள்தான் காரணம். மரத்திலிருந்து நேரே உண்ணக்கூடிய ஒலிவ் என்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். யாரோ ஒருவர் பல நாள் பாடுபட்டதைத்தான் நாம் போத்தலில் வாங்குகிறோம்.

பச்சை ஒலிவும் கறுப்பு ஒலிவும் வேறு வேறு சாதி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரே காய்தான், பச்சை முற்றிப் பழுத்தால் கறுப்பு. தகர டப்பாவில் ஒரே அச்சாக, மைபோல் வருகிற கறுப்பு மட்டும் வேறு. அது பச்சைக்காயைக் காற்றூட்டிக் கறுக்க வைத்து இரும்புச் சத்தால் நிறத்தை நிறுத்தியது. அதில் எனக்குச் சுவையே தெரியவில்லை, இனி வாங்கப் போவதுமில்லை.

பெலிச்சே பள்ளத்தாக்கின் 'நொச்செல்லாரா' என்ற பெரிய பச்சைக் காய் 2 கிலோ வாங்கினேன். காஸ்தெல்வெத்ரானோப் பக்கம் இதைக் காரச்சோடாக் கரைசலில் இட்டுக் கைப்பை விரைவாக எடுக்கிறார்கள். அந்த மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால் தட்டி ஊறவைக்கும் முறையைத் தேர்ந்தேன். இஞ்சி இடிக்கும் கல்லுரலின் குழவியால் ஒவ்வொரு காயையும் ஒரே தட்டு: சதை வெடிக்க வேண்டும், கொட்டை உடையக்கூடாது. கொட்டை உடைந்த காயின் கைப்பு கடைசிவரை போகவில்லை. தட்டியவுடன் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீருக்குள் போட்டேன். இல்லாவிட்டால் வாழைக்காய் போலக் கறுத்துவிடும். இரண்டு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சுவரெல்லாம் தெறித்த எண்ணெய்ப் பொட்டுகள் இன்னும் போகவில்லை.

காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். தினமும் ஒன்றைக் கடித்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். மூன்றாம் நாள்: துப்பினேன். ஐந்தாம் நாள்: பாவற்காய் அளவு. ஏழாம் நாள்: கைப்புக்குப் பின்னால் பச்சைப் புல்லும் வெண்ணெயும் கலந்த ஒரு மணம். ஒன்பதாம் நாள்: கைப்பு கொஞ்சம் மிச்சம், ஆனால் இன்னொன்று எடுக்கத் தோன்றியது. அத்தோடு நிறுத்தினேன். முழுக் கைப்பையும் கழுவினால் காயின் குணமும் போய்விடும் என்பது என் எண்ணம். லீட்டருக்கு 80 கிராம் உப்புக் கரைத்து அதில் ஒரு வாரம். பிறகு வடித்தெடுத்து, உள்ளி, செலரித் தண்டு, செத்தல் மிளகாய், ஒரேகனோ, எண்ணெய் போட்டுப் பிரட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மாங்காய் ஊறுகாய் பக்கத்தில் இருந்தும் என் மகன் சோற்றுக்கு இதைத் தொட்டுக்கொண்டான்.

இந்தக் காயைக் கொண்டுதான் கப்போனாத்தா என்ற கத்தரிக்காய்ப் பிரட்டல் செய்தேன், மூன்று தடவை. வெளிர் ஊதா நிறத்தில் உருண்டையாக இருக்கிற கத்தரிக்காய் 1 கிலோவைத் துண்டாக்கிப் பொரிக்க வேண்டும். செலரியைத் தனியே அரைவேக்காடாக அவிக்க வேண்டும். வெங்காயத்தை வதக்கி, ஸ்த்ராத்து ஒரு மேசைக்கரண்டி கரைத்துவிட்டு, கொட்டை நீக்கிய ஒலிவ் 150 கிராம், கேப்பர், நான்கு கரண்டி வினாகிரி, இரண்டு கரண்டி சீனி. கடைசியில் கத்தரிக்காயைச் சேர்த்துப் பிரட்டி இறக்குவது. பொரித்த கத்தரிக்காய், வினாகிரி, சீனி என்றதும் கத்தரிக்காய் மோஜு நினைவுக்கு வராத இலங்கையர் இருக்க முடியாது. கை வேகமாக வேலை செய்ததற்கு அந்தப் பழக்கமே காரணம். முதல் தடவை தவறியதற்கும் அதுவே காரணம்: மோஜு போல நன்றாகச் சுருள வதக்கிவிட்டேன், எல்லாம் ஒரே பசையாகிவிட்டது. கப்போனாத்தாவில் செலரி கடிபட வேண்டும், ஒலிவ் தனியே தெரிய வேண்டும், கத்தரிக்காய் மட்டும் வாயில் கரைய வேண்டும்.

இரண்டாம் தடவை பதம் வந்தது, ஆனால் சூட்டோடு சாப்பிட்டதில் வினாகிரி மூக்கில் ஏறியது. மூன்றாம் தடவை மூடி வைத்துவிட்டு மறுநாள் குளிர்ந்தபடியே எடுத்தேன். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டு அடங்கியிருந்தன. ஒரு கிண்ணம் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மையார் நின்றபடியே மூன்று கரண்டி சாப்பிட்டார். "ஒலிவ் யாரிடம் வாங்கினாய்?" என்று கேட்டார். நானே தட்டியது என்றேன். இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு, "செலரியை இன்னும் ஒரு நிமிடம் முன்னால் எடு" என்றார்.

நவம்பரில் மெசினாப் பக்கத்து 'க்யோத்தா' முறையில், வாள்போல் மூக்கு நீண்ட பெருமீனின் துண்டங்களைத் தக்காளி, ஒலிவ், கேப்பர், உருளைக்கிழங்கோடு வேகவைத்தேன். மீன் வெந்த நேரம் சரி, குழம்பு நீர்த்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை செய்யாமல் அதைப் பற்றி எழுதுவது சரியல்ல.

இப்போது டிசம்பர். கறுத்துப் பழுத்த ஒலிவ் ஒன்றரைக் கிலோவைக் கல்லுப்போடும் தோடம்பழத் தோலோடும் பெருஞ்சீரகத்தோடும் பிரம்புக் கூடையில் அடுக்கி, கீழே தட்டு வைத்து, ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் காலையில் கூடையைக் குலுக்கிவிடுகிறேன். மைபோன்ற நீர் சொட்டுகிறது. இன்று பன்னிரண்டாம் நாள். தோல் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஒன்றைக் கழுவிக் கடித்துப் பார்த்தேன்: மேல்சதை இனிக்கிறது, கொட்டையோரம் இன்னும் கைக்கிறது. இன்னொரு வாரம் தொங்கட்டும்.