அப்பாவின் பெயர் விலக்குப் பதிவேட்டில் ஏறிய கதை

சூதாட்டத்திலிருந்து தாமாக விலகிக்கொள்வோருக்கான பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஒருவழியாக ஏறிவிட்டது. அதற்காகத் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் மூன்று முறை போய்வந்தேன்; அவற்றுள் இரண்டு பயணங்கள் வீண். அந்த அலைச்சலைக்கூட மறந்துவிடலாம். எட்டு மாதங்களாக எந்த மேசையிலும் அப்பாவின் மாத்திரைச் சீட்டை யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பா முப்பது ஆண்டுகள் கோயில் கணக்கு எழுதியவர், பரிசுச்சீட்டுகூட வாங்கியதில்லை. நடுக்குவாதத்துக்காக, அதாவது பார்க்கின்சன் நோய்க்காக, பிராமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். சென்ற ஆண்டு அதன் அளவைக் கூட்டினார்கள். அடுத்த சில மாதங்களில் அவர் கேசினோவின் காசு இயந்திரங்களின் முன் இரவு முழுவதும் உட்காரத் தொடங்கினார் என்பது, அம்மா காப்பீட்டுத் தவணை கட்டப்போய்க் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவந்த நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் பயணத்தில் அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே "முடியாது" என்றார். 2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி விலகல் அறிவிப்பை அந்த நபரே தர வேண்டும் என்பதால் அவர் சொன்னது சரிதான். ஆனால் அதே பிரிவு, குடும்பத்தினர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து விலக்காணை பெறவும் வழி வைத்திருக்கிறது. அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. நானே வீட்டில் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முறை அப்பாவைக் கெஞ்சி அழைத்துச் சென்றேன். அடையாள அட்டை நகலில் காவல்நிலையம் வைத்த சான்று மூன்று மாதங்களுக்கு முந்தையது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காவல்நிலையத்தில் நகலுக்குச் சான்று வாங்கக் காசு கிடையாது. ஆகவே புறப்படும் நாளன்று காலையிலேயே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில், தேசியப் பொறுப்புச் சூதாட்டத் திட்டத்தின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்து ஆலோசனைக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார்தான் முதன்முதலாக, "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த மாத்திரை மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைப் போலவே வேலை செய்வதால் நடுக்கம் குறைகிறது. ஆனால் வெகுமதியை எதிர்பார்த்து மனம் துடிக்கும் பகுதியையும் அது தூண்டிவிடுகிறது. 2005இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் இப்படிச் சூதாட்டத்தில் விழுந்த 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் இதே மாத்திரையைச் சாப்பிட்டவர்கள். 2010இல் வெளியான ஆய்வொன்று 3,090 நோயாளிகளைப் பரிசோதித்ததில், 5 விழுக்காட்டினரிடம் சூதாட்டச் சிக்கல் இருந்தது. இது அவ்வளவு பழைய செய்தியாக இருந்தும், அளவைக் கூட்டிய அன்று எங்களை யாரும் எச்சரிக்கவில்லை.

"இன்னும் ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தால் ஜெயித்திருப்பேன்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதன் பொருளும் அங்கேதான் விளங்கியது. வெற்றியை மயிரிழையில் தவறவிடும்போதும் மூளையின் வெகுமதிப் பகுதி, வென்றதைப் போலவே கிளர்ச்சியடைகிறது என்று 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோற்றவரையும் எழுந்துபோக விடாமல் இழுத்துப்பிடிப்பது அதுதான். இதைக் கேட்ட பிறகு அம்மா அப்பாவைத் திட்டுவதை நிறுத்தினார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு எல்லாம் கூடிவந்து தாக்கும். எங்கள் நரம்பியல் மருத்துவர் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, பார்க்கின்சனுக்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவைக் கூட்டினார். சூதாட்ட வேட்கை தணிந்தது. நடுக்கம் ஓரளவு திரும்பிவந்தது.

அந்த நடுக்கத்தால்தான் மூன்றாம் பயணமும் வீணாகப் பார்த்தது. எல்லாத் தாள்களும் சரியாக இருந்தன. அப்பாவின் கையெழுத்து மட்டும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றார் அதே எழுத்தர். மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். மருத்துவரின் கடிதத்தைக் காட்டினேன். அந்தக் கடிதத்தை வாங்கும்படி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏதோ ஒரு பயத்தில் பையில் வைத்திருந்தேன். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டுப் பெருவிரல் ரேகையை ஏற்றுக்கொண்டார்.

உரிமம் பெற்ற இடங்கள் விலகியவரைத் தெரிந்தே விளையாட விடக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் ஃபாஃபி என்ற உரிமமில்லாத எண் சூதாட்டத்துக்குப் பணம் வாங்கவருபவரிடம் எந்தப் பதிவேடும் கிடையாது. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "சரி தம்பி, ஐயாவிடம் இனி வாங்க மாட்டேன்" என்றார். இந்த வேலையில் ஒரே பயணத்தில் முடிந்தது அது ஒன்றுதான்.